எட்டுப் பேருக்கு மிகாமல்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மகளும் சௌக்கியம். வழக்கமாக இந்த வரிக்குப் பிறகு உன் உடம்பைப் பற்றி விசாரிப்பேன். இந்தத் தடவை விசாரிக்கவில்லை, திட்டுகிறேன். முதுகுவலியை ஏன் அந்த ஆஸ்பத்திரியிலேயே யாரிடமும் காட்டவில்லை? நோயாளிகளைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிறவளுக்கு முதுகு போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டுச் சுவர்கள் உனக்குத் தெரியும். இங்கே நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து, மாத்திரை போடுங்க பெரியம்மா என்று ஆமையின் குரல் வரும். பத்து நாள் தாமதமாகப் பிறந்தவள் என்று நீ வைத்த பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைப் பட்டம் வாங்கியதுபோலத்தான் சுமக்கிறாள். அவள் காதில் விழக்கூடாத சேதி இது, அதனால்தான் பேனா.

என் வகுப்புக்கு முடிவு கட்டப் போகிறார்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் கல்வி அலுவலகம் என்னை இங்கே போட்டபோது சொன்னது நினைவிருக்கிறதா? ஒரே ஒரு அரசுப் பள்ளியில், நாலு வயதுக் குழந்தையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், கணக்கு மாதிரி, அறிவியல் மாதிரி, நடனத்தையும் ஒரு பாடமாக வைத்துப் பார்ப்போம். முதல் அணி படிப்பை முடிக்கும்போது இருக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வோம். அந்த முதல் அணி இந்த வருஷம் முடிக்கிறது. இருபத்தேழு குழந்தைகளோடு ஆரம்பித்தேன். ஊர் மாறி, பள்ளி மாறி, படிப்பை விட்டு, மிஞ்சினது ஒன்பது பேர். அதில் ஒருத்தி நம் ஆமை.

நாலு வயதில் நான் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்பது. அதற்கு ஒரு வருஷம் பிடிக்கும். ஏழு வயதில் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு அவரை இழுக்காமல் நடப்பது. பதினொன்றில் எட்டு எண்ணிக்கைக்குள் சொந்தமாக ஒன்று செய்து காட்டுவது. பதின்மூன்றில் யாருமே ஆட மாட்டார்கள், சுவரோரம் நின்று சட்டை நுனியைக் கசக்குவார்கள். அந்த வருஷம் முழுக்கப் பொறுத்துக்கொண்டால், பதினைந்தில் அவர்களே வியாழக்கிழமைதோறும் வந்து சின்னதுகளுக்கு நிற்கச் சொல்லிக் கொடுப்பார்கள். பதினேழில் தாங்களே ஒரு நடனம் அமைத்து, ஏன் அப்படி அமைத்தோம் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். இதில் எங்கேயும் மேடை இல்லை. பரிசும் இல்லை. ஆண்டு விழாவுக்கு நாலு பேரைப் பொறுக்கி அனுப்புங்கள் என்று கேட்ட தலைமையாசிரியைகள் மூன்று பேரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். கணக்குப் பாடத்துக்கு மேடை கேட்கிறீர்களா என்பேன். மூக்குமேல் கோபம் என்று எனக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை.

என் வகுப்பில் முதல் வரிசை என்றும் ஒன்று கிடையாது. எட்டு எட்டாக நாலு முறை எண்ணி முடிந்ததும் முன் வரிசை திரும்பிப் பின்னால் போய்விடும், அடுத்த வரிசை முன்னால் வரும். யாரும் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது, முன்னால் நின்று மினுக்கவும் முடியாது. மூன்று மூன்றாக ஒன்பது பேர் இப்படி மாறிக்கொண்டே ஆடுவதைப் பார்த்தால் உனக்கு முதுகுவலி மறந்துபோகும்.

இப்போது அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. குழு ஒன்று பார்வையிடுமாம். அவர்கள் கூடத்தில், அவர்கள் சொல்லும் நாளில், கால் மணி நேரம். “தேர்ந்த மாணவர்கள், எட்டுப் பேருக்கு மிகாமல்.” கூடம் சின்னது என்று காரணம் போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்பது.

ஆமையிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

முதுகைக் கவனித்துக்கொள். பதிலை வீட்டுக்கு எழுதாதே, பள்ளி முகவரிக்கு எழுது.

உன் அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எழுதத் தைரியம் இருக்காது. ஒன்பது பேரில் நான் விட்டது ஆமையை.

ஒன்பது பேருக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எரிச்சல்பட்டுப் பார்வையிடுவதையே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன். சொந்தத் தங்கை மகளை ஆட விட்டால் நாளைக்கு யாராவது வாய்க்கு வந்தபடி பேசுவார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவளுக்கு எப்போதும் அரை எண்ணிக்கை தாமதம். நாலு வயதிலிருந்து அப்படித்தான். பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காலை எடுப்பாள். தாமதமானால் என்ன, வந்து சேர்கிறாய் அல்லவா என்று பதினாலு வருஷமாகச் சொல்லி வந்தவள் நான். குழுவுக்கு முன்னால் அந்த அரை எண்ணிக்கையைக் காட்ட எனக்கே மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

நீ ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளேன், பாட்டை நிறுத்துவதும் போடுவதும் வேறு யாருக்கும் சரியாக வராது என்று அவளிடம் சொன்னேன். சரி பெரியம்மா என்றாள். அன்று காலையில் மற்றப் பெண்களுக்குத் தலைவாரிவிட்டதும் அவள்தான்.

பத்து நாளாக நான் எட்டுப் பேருக்கும் ஓதியது ஒரே விஷயம்: இந்தத் தடவை வரிசை மாறக்கூடாது. நன்றாக ஆடுகிற மூன்று பேர் கடைசிவரை முன்னால் நிற்க வேண்டும். எந்த வாயால் அதைச் சொன்னேன் என்று கேட்காதே. அவர்களும் கேட்கவில்லை, தலையாட்டினார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். கூடத்து ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பம் பழுதில்லாமல் போனது. தலைவர் டீயைக்கூடக் கீழே வைத்தார். நாலாவது எட்டு முடிந்தது. முன் வரிசையில், நெட்டையன் என்று நாங்கள் கூப்பிடும் பையன் இருந்தான். பாவம், பதினாலு வருஷம் பழகிய கால்கள் அவன் சொல்லாமலே திரும்பிவிட்டன. அவனோடு ஒருத்தியும் திரும்பினாள். மூன்றாவது பெண் நான் சொன்னது நினைவு வந்து அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் முன்னால் வர, பாதிப் பேர் நிற்க, இரண்டு தலைகள் மடாரென்று மோதின. ஒருத்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். எழுந்து, அடுத்த நாலு எட்டுக்கு வழக்கம்போல வரிசை மாறி ஆடினார்கள். அழகாகத்தான் மாறினார்கள். ஆனால் கடைசி வரிசை முன்னால் வந்தபோது அதில் இரண்டே பேர். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். அது அவள் இடம். நெருங்கி நில்லுங்கள் என்று நான் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். அவர்களுக்கும் தோன்றவில்லை.

தலைவர் பேனாவால் அந்த இடத்தைக் காட்டி, நடுவுல ஒரு ஆள் எங்கம்மா என்று கேட்டார்.

யாரும் இல்லை சார், மொத்தமே எட்டுப் பேர்தான் என்றேன்.

நாலு அடி தள்ளி, ஒலிபெருக்கியின் விசைமேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்தாள். தலைவர் என்னவோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பாதி வழியில் சொன்னாள்: “நான் இருந்திருந்தா இடிச்சிருக்க மாட்டாங்க பெரியம்மா. நான் லேட்டா திரும்புவேன்னு தெரிஞ்சு எல்லாரும் கொஞ்சம் நின்னுதான் திரும்புவாங்க.” கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு கணக்கில் எங்கே பிசகியது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் பதினாலு வருஷம் எதிரே நின்று பார்த்தும் இதைக் கவனிக்கவில்லை. எனக்கு டீச்சர் என்று பெயர்.

உத்தரவு இன்னும் வரவில்லை. வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று சின்னப் பிள்ளைபோல நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. நீ என்னைத் திட்டியிருப்பாய் என்று பயந்து மதியம்வரை பிரிக்காமலே வைத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

உத்தரவு வந்துவிட்டது. “போதிய ஒழுங்கும் முன்னேற்றமும் காணப்படவில்லை.” வரும் கல்வியாண்டிலிருந்து எந்த வகுப்புக்கும் நடனம் கிடையாது. என் கூடத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கப் போகிறார்கள். ஏற்கெனவே பாதி அடுக்கியாகிவிட்டது. விளையாட்டு வாத்தியார் வந்து, உங்க இடத்துல பந்து மூட்டையும் வெச்சுக்கவா என்று கேட்டார். நல்ல மனுஷன்தான், கேட்கவாவது செய்தார். நான் நூலகத்துக்குப் போக வேண்டுமாம், புத்தகங்களுக்கு எண் ஒட்டுவதற்கு. ஒன்பது பேரின் சான்றிதழிலும் நடனம் என்ற வரி இருக்காது. பதினாலு வருஷம் படித்த ஒரு பாடத்தை அவர்கள் படித்ததாகவே எங்கேயும் பதிவு இல்லை.

மேல்முறையீடு எழுதலாம் என்று தலைமையாசிரியை சொன்னார். எழுதினேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடக்கிறது. ஒழுங்கில்லாததற்குக் காரணம் நான்தான், பிள்ளைகள் இல்லை என்று அதில் எழுதியிருந்தேன். அதைப் படித்தால் இன்னும் சுலபமாகத் தள்ளுபடி செய்வார்கள் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

நெட்டையன் வந்து, வியாழக்கிழமை சின்னவர்களுக்கு நான் மட்டுமாவது எடுக்கட்டுமா டீச்சர் என்று கேட்டான். சாவியை வாங்கிக்கொண்டார்கள் என்றேன். இந்த வருஷம் சேர்ந்த நாலு வயதுக்காரர்கள் இப்போதுதான் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். நின்றதோடு சரி.

கடைசி வகுப்புக்கு எட்டுப் பேரும் வந்தார்கள். ஆமை வரவில்லை. ரசாயனப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். பெஞ்சுகளுக்கு இடையே கிடைத்த இடத்தில் கொஞ்சம் ஆடினார்கள். இப்போதும் நடுவில் இடம் விட்டுத்தான்.

இவ்வளவு எழுதியும் நான் எழுத வந்ததை எழுதவில்லை. வீட்டில் எதுவுமே மாறவில்லை என்பதுதான் என் பயம். சாப்பிடுகிறாள், படிக்கிறாள், எனக்குக் காலையில் தண்ணீர் சுட வைக்கிறாள். என் தும்மலுக்கு மாத்திரையும் எடுத்துத் தருகிறாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் தட்டுக் கழுவும்போது கால் ஒன்றிரண்டு அடி போட்டுக்கொண்டே இருக்கும், உனக்கு நினைவிருக்கும், நீ போன தடவை வந்தபோதுகூட அதைப் பார்த்துச் சிரித்தாய். இப்போது அந்தக் கால்கள் தரையில் அப்படியே நிற்கின்றன. நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஆட வராதவர் என்று யாரும் இல்லை என்று எத்தனை நூறு பிள்ளைகளிடம் சொன்னேன்! ஒரே ஒருத்தியிடம்தான் வேறு மாதிரி சொல்லிவிட்டேன். அதுவும் நீ நாலு வயதில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனவளிடம். அவள் அப்பாவும் இல்லை, வேறு யாரிடமோ விடுவதைவிட அக்காவிடம் விட்டால் நிம்மதி என்று நீ நம்பித்தானே விமானம் ஏறினாய்.

மன்னிப்பும் கேட்டுப் பார்த்தேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, விடுங்க பெரியம்மா, ஒண்ணுமில்ல என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அவளோடு பேசு. நான் சொன்னேன் என்று சொல்லாதே. நான் அந்த நேரம் கடைக்குப் போய்விடுகிறேன், நிதானமாகத்தான் திரும்புவேன். என்மேல் வெறுப்பு என்று சொன்னால் அவளைக் கடிந்துகொள்ளாதே, சொல்லட்டும். அழுதால் அழ விடு. உன்னோடு வந்துவிடுகிறேன் என்று கேட்டாலும் என்னை நினைத்து மறுக்காதே. ஒண்ணுமில்ல அம்மா என்று சொன்னால் மட்டும், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், போனை வைத்துவிடாதே.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா