ஏழு நாளும் மழை

என்னங்க,

காய்ச்சல் இப்போதுதான் விட்டிருக்கிறது, அதனால் எழுப்பவில்லை. கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். குடித்த பிறகு மாத்திரை போடுங்கள்.

என் தம்பி படகோடு ஆற்றில் காணாமல் போய் இன்றோடு நான்கு நாள். தேடுகிறவர்களின் தலைவர் விடிந்ததும் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் மழைன்னு சொல்றாங்கம்மா. இந்த வெள்ளத்துல ஆளை இறக்க முடியாது. நாங்க கிளம்புறோம்" என்றார். ரேடியோவில் நானும் கேட்டேன். நம் ஊருக்கு வருகிற ஏழு நாளில் ஒரு நாள்கூட மழை விடாதாம். அதற்கப்புறம் வந்து எதைத் தேடுவீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கரைக்குப் போகிறேன். போய் ஒன்றும் ஆகப்போவதில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

"வானம் வெளுத்துடுச்சு, போயிட்டு வரட்டும்" என்று நீங்கள் அவனை அனுப்பியதைச் சொல்லிச் சொல்லியே உங்களைக் குத்திவிட்டேன். அன்றைக்கு வானம் வெளுத்துத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

பி.கு.: தம்பி பெண்டாட்டி பத்து மணிக்கு வருவாள். தேட வந்தவர்கள் கிளம்பிவிட்டது அவளுக்குத் தெரியாது. "மழை எப்ப விடும் அண்ணா?" என்று கேட்பாள். நாளைக்கு விட்டுவிடும் என்று சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் ஆகாது.