நீ மறைத்த ரத்தம்

என் தங்கமான, பொல்லாத அம்மாவுக்கு,

நாளைக்கு உன் முதல் வருஷத் திதி. அழுதுகொண்டே எழுதுவேன் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வருகிறது.

கர்ப்பப்பைப் புற்றுக்கு அறுவை, கதிர்வீச்சு, அதனால் சுருங்கிய சிறுநீர்க்குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட். எல்லாவற்றையும் தாங்கினாய். சாலை பஜார்க் கடைக்காரர்களிடம் வாய் ஓயாதவள், சிறுநீரில் ரத்தம் வந்ததை மட்டும் ஏன் சொல்லவில்லை? வந்தபோதெல்லாம் இடுப்பு வலி என்று பின்கட்டில் தனியாகப் படுத்தாய். அடுக்களைக்கும் வரவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. தானாக நின்றதும் தலைக்குக் குளித்து விளக்கேற்றினாய். வலி விட்டது என்று நாங்களும் நம்பினோம்.

ரத்தம் கட்டி கட்டியாகப் போய் நீ குளியலறையில் விழுந்த அன்று மலையாளி டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னே ரத்தம் போயிட்டுண்டோ?"

"ஒரு தடவைகூட இல்லை டாக்டர்" என்று அண்ணாவின் பக்கத்தில் நின்று அடித்துச் சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கிட்னியில் கிருமியா, புண்ணா என்று தேடியே ஒரு நாள் போயிற்று. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் மறுபடி கொட்டியபோதுதான் என் காதில் சொன்னாய். "முன்னாடியும் வந்துதுடி. உங்கண்ணா எதிர்ல எப்படிச் சொல்றது? ரத்தம்னா தீட்டுதானே."

கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு ஏதம்மா தீட்டு?

டாக்டரிடம் ஓடினேன். விட்டு விட்டு வந்தது என்றதும் உடனே தமனியைச் சோதித்தார். ஸ்டென்ட் வைத்த குழாய் பக்கத்துத் தமனியோடு உரசி உரசி, இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது. ஏற்கெனவே வெட்டிச் சுட்ட வயிற்றைத் திறக்க முடியாது. தொடை இடுக்கில் ஊசி குத்தி, கம்பி வழியாக உறை போட்ட ஒரு குழலைத் தமனிக்குள் ஏற்றி ஓட்டையை அடைத்தார்கள். துவரம்பருப்பு அளவுதான் காயம். ரத்தம் நின்றது. அதுவரை போனதை உன் இதயம் தாங்கவில்லை. "கொஞ்சம் நேரத்தே அறிஞ்சிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். மீதியை நான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

இன்று காலை எனக்கு மாதத் தூரம் வந்துவிட்டது. தலைவலி என்று சொல்லி, திதிச் சமையலுக்கு வேறு ஆள் வைத்திருக்கலாம். கூடத்தில் நின்று அண்ணாவிடமே சொன்னேன், சமையலும் நான்தான் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். நாளைக்குப் பிண்டம் வைக்க வருவானா தெரியவில்லை.

வந்தாலும் வராவிட்டாலும் என் கையால்தான் உனக்குச் சாதம். இனி இந்த வீட்டில் யாரும் ரத்தத்தை மறைக்க மாட்டார்கள், உன்மேல் ஆணை. தீட்டு என்று நீயும் ஒதுங்கிப் போய்விடாதே. சாப்பிடு அம்மா.

ஸ்ரீவராகத்து வீட்டிலிருந்து,
உன் ஒரே பெண் விசாலம்