பிட்புல் வாங்கப் போற லோகுவுக்கு

நைனா லோகு,

வேப்பம்பட்டுக்குப் போறேன், குட்டியோட தாயைப் பார்த்துட்டு வர. அது என் கையை நக்கினா குட்டியும் நல்ல குணம். கடிச்சா நான் லேட்டா வருவேன். நாஷ்டா ஹாட்பாக்ஸ்ல இருக்கு.

காவலுக்குன்னு சொல்ற. நீயும் மருமக மோனிகாவும் தேர்வாய் கண்டிகை கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போயிட்டா, அது தனியா ஊட்ல இன்னா பண்ணும்? கவரைப்பேட்டையில ஒரு பிட்புல் இப்படித்தான் போரடிச்சுப் போய், நின்னுக்கினு இருந்த லாரியோட பம்பரைக் கவ்விச்சு. லாரி சூளூர்பேட்டை போயும் விடல. திரும்பி பஸ்ல வந்துச்சு, டிக்கெட்டோட. நான் பார்த்தேன்.

காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நீதான் நடத்திக்கினு போகணும். எனக்கு முட்டி வலி, இன்னிலேர்ந்து. வாய்க்கூடு, கெட்டியான பெல்ட், ஊசி, லைசென்ஸ் எல்லாம் முதல்ல. பக்கத்து ஊட்டு ஆடுங்க பக்கம் அவுத்து விடக் கூடாது.

முக்கியமா, மோனிகா மனசார சரின்னு சொல்லாம குட்டி படி ஏறாது. நேத்து "நாயா, நானா?"ன்னு கேட்டாளே, அதுக்கு நீ யோசிச்சிருக்கக் கூடாது.

அப்பா

கீழே இடம் இருக்கு, எழுதறேன்: காலைல தோசை ஊத்திக்கினே, "குட்டி இன்னா கலரு மாமா?"ன்னு மெதுவா கேட்டா. நான் சொன்னதா காட்டிக்காதே. முதல்ல மன்னிப்பு கேளு.