பத்தொன்பது புள்ளி எட்டு

மார்ச் 4
மலையுச்சிச் சுரங்க ஊழியர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை. நாற்பத்தொரு பேரிடம் ரத்தம் எடுத்தேன். கடைசியாக வந்தவர் என் கணவர். "ரத்தக்காட்டேரி, பாத்து உறிஞ்சு" என்று கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ரத்தம் கறுப்பாக, பாகு மாதிரி, ஊசியில் ஏறவே தயங்கியது.

ஹீமோகுளோபின் 22.4. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே எண். 21-ஐத் தாண்டினால் மலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 5
யாருக்கோ கேட்பதுபோல் டாக்டரிடம் கேட்டேன். "இந்த உயரத்துல ஆக்சிஜன் கம்மி. அதனால உடம்பு சிவப்பணுவைக் கூட்டிக்குது. நெறைய பேருக்கு ஒரு அளவோட நின்னுடும். சிலருக்கு நிக்கறதில்ல, ரத்தம் கெட்டியாயிடும். எறங்கிப் போறதுதாம்மா மருந்து."

எனக்கு 16-இல் நின்றுவிட்டது. இருவரும் ஒன்பது வருடமாக இங்கேதான். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே காற்று. பிறகு ஏன்?

மார்ச் 6
அவரிடம் சொல்லிவிட்டேன். தலைவலி, காது இரைச்சல், உதட்டு நீலம், எல்லாம் இதனால்தான் என்று.

"கீழ போயி என்ன பண்றது? நூறு டன் லாரி ஓட்டினவன் பொட்டிக்கடையில உக்காரவா?" என்று கத்தினார். பிறகு குரல் தழைந்தது. "ஒரு நம்பர்தானே. நீதானே எழுதுற. நான் உங்கிட்ட எப்பவாச்சும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 7
19.8 என்று எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 2
கெட்டி குறையட்டும் என்று, வீட்டிலேயே அவர் உடம்பிலிருந்து ஒரு பை ரத்தம் எடுத்தேன். மாலையே முகம் தெளிந்தது. படியேறும்போது மூச்சு வாங்கவில்லை.

ஏப்ரல் 24
மறுபடி 22. எடுக்க எடுக்க ஊறுகிறது. அந்த உடம்பின் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவரைக் காப்பாற்றத்தானே அதுவும் பாடுபடுகிறது?

மே 11
சொல்லிடலாம்னு டாக்டர் அறை வரைக்கும் போனேன். உள்ளே யாரோ இருந்தாங்க. திரும்பிட்டேன். யாரும் இல்லாம இருந்திருந்தா மட்டும்?

மே 19
லாரியை நிறுத்தறப்ப அவரோட வலது கை ஸ்டியரிங்லேர்ந்து நழுவி விழுந்திருக்கு. பேச்சு குழறுது. மூளைக்குப் போற குழாயில ரத்தம் உறைஞ்சிடுச்சாம். ஆம்புலன்ஸ்ல மலையை விட்டுக் கீழ இறக்கிட்டு இருக்கோம்.

கிளம்பறப்ப டாக்டர் பதிவேட்டைப் பாத்தார். "பத்தொன்பதுதானேம்மா இருந்தது?"

"பொய்யா எழுதினேன் டாக்டர்."

அவர் பதிவேட்டை மூடி வச்சார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 10
என்னை வேலையிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. மடித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3
கடல் மட்டத்து ஊர். இங்கே எங்கள் இருவரையும் யாருக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன்.

14.9. உதட்டில் நீலம் போய்விட்டது. மூச்சிரைப்பு இல்லை. "ரொம்ப நல்ல ரத்தம் சார்" என்றாள் அந்தப் பெண். ரிப்போர்ட் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினாள்.

வலது கை மடியிலேயே கிடக்க, அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி அவர் பெயரை எழுதினேன்.