செவலைக்கு வைத்த விருந்து

பாளையம்பட்டி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா சீனிச்சாமி எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளை செல்வக்குமாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அம்மா, நம் லோடு வண்டி மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். மூவரில் வண்டிக்குத்தான் சத்தம் குறைவு.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். நீ போன் போட்டால் அம்மா எனக்குத் தருவது கடைசி அரை நிமிஷம். சாப்பிட்டியா தாயி என்று நான் கேட்டு முடிப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய். அதனால் காராச்சேவுப் பார்சலுக்குள் இதையும் வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து விளங்காத இடத்தில் எண்ணெய்க் கறை என்று நினைத்துக்கொள்.

செவலை உயிரோடு, நம் வாசலில், நன்றாக இருக்கிறது. இதை முதலில் சொன்னால்தான் நீ மேற்கொண்டு படிப்பாய். பஸ் ஸ்டாப்பில் கிடந்த நாய்க்குட்டியைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு வந்தாயே, அது நீ கல்யாணமாகிப் போன பிறகு தெருவுக்கே நாயாகிவிட்டது. கார்த்திகையில் மறுபடியும் நாலு குட்டி போட்டது. குட்டி போட்ட நாய்க்குக் கோபம் சொல்லவா வேண்டும். பைக், சைக்கிள் எல்லாவற்றையும் விரட்டியது. உன் ராக்கம்மாள் அத்தை பால் வாங்கப் போனபோது சேலையைக் கவ்வி இழுத்துவிட்டது. என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தச் சேலை கிழிந்ததில் தெருவே கிழிந்துவிட்டது.

எல்லோரும் கூடிப் பேசினார்கள். குட்டிகள் பால் மறந்ததும் செவலையைத் திருச்சுழி ரோட்டில் ஒரு கண்மாய்ப் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு. யார் கொண்டுபோவது என்றதும் அத்தனை பேரும் என் வண்டியைப் பார்த்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, உங்க மக கேட்டா என்ன சொல்லுவீக என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டும் இறங்கவில்லை.

மறுநாள் மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இனிமேல் குட்டியும் இருக்காது, குட்டிக்காக ஆளை விரட்டுவதும் இருக்காது, அதே தெருவிலேயே விட்டுவிடலாம் என்றார். ஒன்றே ஒன்றுதான், முதல் நாள் ராத்திரியிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மயக்க ஊசி ஆபத்து என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். எனக்கு ஒழுங்காக வருகிற வேலை அது ஒன்றுதான்.

மூன்று கடுவன் குட்டிகளையும் வாசலிலேயே ஆட்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொட்டைக்குட்டியைத்தான் ஒருத்தரும் தொடவில்லை. வயர் கூடையில் வைத்துக்கொண்டு லோடு இறக்கிய ஊரிலெல்லாம் கேட்டேன். கடைசியில் அருப்புக்கோட்டையில் தறி நெய்கிற வேணி அக்கா, வளர்ந்ததும் நீங்களே வண்டியில் கூட்டிப்போய் ஆபரேஷன் பண்ணித் தர்றதா இருந்தா விட்டுட்டுப் போங்க என்றார். அவர்கள் வீட்டில் கன்னடம். நாம் வா என்று கூப்பிட்டால் அசையாத குட்டி, அங்கே கன்னடத்தில் பா என்றால் ஓடிவருகிறது.

செவலையைக் கொண்டுபோகிற நாள் வந்தது. ஆபரேஷன் விஷயத்தை நான் தெருவில் மூச்சு விடவில்லை. அத்தை பாவம் புண்ணியம் என்று ஆரம்பித்துவிடும் என்ற பயம். நாளைக் காலையில் கொண்டுபோறேன் என்று மட்டும் சொன்னேன். கண்மாய்க்குத்தான் போகிறது என்று தெருவே நினைத்துக்கொண்டது. விரட்டு விரட்டு என்ற அதே ஆட்கள், எனக்குத் தெரியாமல் ஆளாளுக்குக் கடைசிச் சோறு வைத்திருக்கிறார்கள். முனீஸ்வரன் வீட்டில் கோழிக்குழம்புச் சோறு. ஜெயபாண்டி தன் கடையிலிருந்து சால்னாவில் ஊறப்போட்ட புரோட்டா. விடிந்ததும் அத்தை நெய் ஊற்றி இட்லி கொடுத்து, போற இடத்துல நல்லா இரு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டதாம்.

நானோ, சுத்தமான பட்டினி டாக்டர் என்று பெருமையாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேஜையில் தூக்கி வைத்ததும் செவலை அவ்வளவு விருந்தையும் என் சட்டைமேல் வாந்தி எடுத்தது. டாக்டரம்மா புரோட்டாத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்க ஊர்ல பட்டினி இப்படித்தான் இருக்குமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வண்டியின் பின்பலகையை இறக்கியதும் செவலை குதித்தது. தெருவே வெளியே வந்துவிட்டது. ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை தாயி. முனீஸ்வரன் மட்டும், ஏலே சீனி, திருச்சுழிக்கு வழி மறந்துபோச்சா என்றான். அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். சரி, ஆபரேஷனே பண்ணு, இங்கயே கிடந்துட்டுப் போகட்டும் என்று முடிவானது.

அடுத்த வாரம் அம்மாவே காவல். செவலையை வீட்டுக்குள் கட்டிக் கதவைச் சாத்திவிட்டாள். வாசனை பட்டால் அது ஏங்கும் என்று எனக்கும் ராத்திரிச் சோறு கிடையாது. நானும் அதுவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷன் ஆன நாய் என்று தெரிய ஒரு காது நுனியில் கொஞ்சம் வெட்டியிருக்கிறார்கள். இப்போது ஆளை விரட்டுவது இல்லை.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. ரெண்டு வருஷமாகக் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நீ ஊருக்கு வரவில்லை. லீவு இல்லை என்றாய், நாங்களும் எல்லோரிடமும் அப்படியே சொன்னோம். அதற்கு முந்தின பொங்கலில், இன்னும் விசேஷம் இல்லையா என்று அத்தை உன்னைப் பந்தியில் வைத்துக் கேட்டது என் காதிலும் விழுந்ததுதான்.

செவலையைப் பார்க்க வந்த அத்தை, ஒரு பொட்டச்சீவனை இப்படி ஆக்கிட்டியே தம்பி, இனி அது இருந்து என்ன பிரயோசனம் என்றது. பத்துப் பேர் நின்றார்கள். அக்காவை எதிர்த்து நான் வாய் திறந்தவன் இல்லை. அன்றைக்கு என்னவோ வந்துவிட்டது. அக்கா, குட்டி போட்டாத்தான் இந்த வாசல்ல அதுக்கு இடமா, அது நம்ம வீட்டுப் பிள்ளை, வந்து நின்னாலே எனக்குச் சந்தோஷம், இனிமே இந்தப் பேச்சை இங்க யாரும் எடுக்கக்கூடாது என்றேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் பால் வாங்கித் திரும்பும்போது செவலைக்கு ஒரு பிஸ்கட் போட்டுவிட்டு, அனுசியா பொங்கலுக்கு வருதா தம்பி என்று கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, ஆசீர்வாதம் எழுதினீகளா என்கிறாள். பெரியவர்கள் வழக்கமாக எழுதுவதை நான் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். நீங்கள் ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒருத்தரை ஒருத்தர் சிரிக்க வைத்துக்கொண்டு ரொம்ப காலம் இருங்கள். பஸ் ஸ்டாப்பில் நானும் செவலையும் வண்டியோடு நிற்போம். பொங்கலுக்கு வா தாயி. நீயும் மாப்பிள்ளையும் ரெண்டு பேராக வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சீனிச்சாமி