வெள்ளிக்கிழமை ரத்தம்

1986 மார்ச் 8, சனி
என் ஐஸ் வாளியில் யாரோ பியர் குளிர வைத்திருக்கிறார்கள். இதுவும் ஓர் ஆய்வுகூடம்!
கோழி ரத்தத்தை உதவியாளன் பிரையன் நேற்றே இறைச்சிக்கூடத்தில் வாங்கிக் குளிரறையில் வைத்துவிட்டான். அவர்கள் தருவது வெள்ளியில் மட்டும். கலியாணமான புதிதில் இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வெள்ளியில மட்டும் உந்த ரத்தத்தைத் தொடாதையும்." ஓமென்று விட்டேன். அதனால் என் வேலை சனிக்கிழமைதான்.

மார்ச் 17, திங்கள்
பிலிமில் அதே கறுப்புக் கோடு, ஐந்தாவது தடவை! ஜீன் வேலை செய்யும் இடத்தில் டிஎன்ஏயைச் சுற்றிய புரதப் பொதி அவிழ்கிறது. நொதி அங்கேதான் வெட்டுகிறது; அந்த வெட்டுத்தான் பிலிமில் கோடாக விழுகிறது. கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஜூனில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். இந்தக் கோட்டை நம்பித்தான் போகிறேன்.

ஏப்ரல் 9
கலிபோர்னியாவிலிருந்து கடிதம். அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் இதையே செய்து பார்த்தார்களாம், கோடு வரவில்லையாம். புரொபசர் என் கையைக் குறை சொல்கிறார். என் கையை! அவர் பிப்பெட் பிடித்து எத்தனை வருஷம்?

ஏப்ரல் 28
சென்னையிலிருந்து வந்திருக்கும் நரசிம்மனைச் செய்யச் சொன்னேன். அவன் பிலிமிலும் கோடு இல்லை. என்ன பிழை விட்டாய் என்று சத்தம் போட்டேன்.
"வெள்ளிக்கிழமையே பண்ணிட்டேன் மேடம். ரத்தம் ஒரு ராத்திரி கிடந்தா கெட்டுடுமேன்னு..."
என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஐந்து தடவையும் சனிக்கிழமை.

மே 2, வெள்ளி
இவருக்குச் சொல்லவில்லை. நானே ரத்தம் வாங்கி உடனே தொடங்கினேன்.

மே 12
கோடு இல்லை.

மே 13
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சஞ்சிகைக்கு எழுதிவிட்டேன். பழைய ரத்தத்தில் டிஎன்ஏ தானாகவே உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் சண்டை. "உங்கடை வெள்ளிக்கிழமை என்ரை நாலு வருஷத்தைத் திண்டிட்டுது!" நியாயமில்லைதான். ஓர் இரவு குளிரறையில் வைத்தால் போதும் என்று நினைத்தது யார்? இவரா?

ஜூன் 11
வேலை வேறொருவருக்கு. எனக்கு ஒரு வருட நீட்டிப்பு. முதலிலிருந்து தொடங்கு என்கிறார் புரொபசர். சொல்ல என்ன, சுகமாகச் சொல்லலாம்.

ஜூன் 20, வெள்ளி
பத்து மணியாகியும் ரத்தம் கொண்டுவர வேண்டிய பிரையனைக் காணவில்லை. எரிச்சலோடு படியிறங்கினால் வாசலில் இவர், கையில் ஐஸ் பெட்டி. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீட்டினார்.
"பிரையனுக்குக் காய்ச்சலாம். நீர் வெளிக்கிட்டாப் பிறகு போன் எடுத்தவன். ரத்தம் வாங்கி இருபது நிமிசம் ஆச்சுது, கெதியாத் தொடங்கும். நான் வீட்டை போய் முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போறன்."