நாங்கள் நாலு பேரும் எடை மெஷினும்

நெஸ்விக்,
செப்டம்பர் 21

அன்புள்ள சில்யே,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மழை வந்தால்தான் வலிக்கும், இங்கே மழை எப்போது வராமல் இருந்தது. வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போனில் பேசினால் உனக்கு ஆபீஸ் அவசரம், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி. இந்த வருஷம் ஆப்பிள் கொட்டிக் கிடக்கிறது. அப்பா ஜாம் போடு என்கிறார், நான் சர்க்கரை வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறேன், படகுக் கொட்டகையில் அவர் ஒரு டப்பா சாக்லேட் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சில் பாடிக்கொண்டிருக்கும்போது நான் போய் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். மே பதினேழு தேசிய தின ஊர்வலத்துக்கு என்று ஜனவரியிலேயே நம் பாரம்பரிய புனாட் உடையை எடுத்துப் போட்டுப் பார்த்தோம், நான், கெர்டா, மோல்ஃப்ரி, உன் ஞானத்தாய் தூரித், நாலு பேருக்கும் கொக்கி மாட்டவில்லை. அலமாரிக்குள் இருந்தே அது சுருங்கிவிடுகிறது என்று வருஷா வருஷம் சொல்லிச் சிரிப்போம், இந்தத் தடவை அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கக்கூட மூச்சு வரவில்லை. அங்கேயே சத்தியம் செய்தோம், தையல்காரி ராக்னாவிடம் போய் யாரும் தையலைப் பிரித்து விடச் சொல்லக் கூடாது, உடம்பைத்தான் உடைக்குள் கொண்டுவர வேண்டும் என்று. வியாழக்கிழமை காலையில் நம் வீட்டுத் துணி துவைக்கும் அறையில் எடை பார்ப்போம், ஸ்வெட்டர், ஷூ, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றியாகிவிடும், மோல்ஃப்ரி ஒரு நாள் பல்செட்டையும் கழற்றப் போனாள், கெர்டா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். எடை குறைந்தவளுக்கு மற்றவர்கள் கைதட்ட வேண்டும். பிறகு கலங்கரை விளக்கு வரை நடை, திரும்பி வந்தால் காப்பியும் ஆளுக்கு ஒரே ஒரு வாஃபிளும்.

கைதட்டல் முழுக்க தூரித்துக்குத்தான். வாரம் தவறாமல் குறைந்தாள், ஏப்ரலுக்குள் எட்டு கிலோ. நான் பழுப்புச் சீஸைக் கண்ணால்கூடப் பார்க்காமல் குறைத்தது ஒன்றரை. அவளோ ஒன்று என்ற கணக்கை மறந்து கிரீமும் ஜாமும் போட்டு நாலு வாஃபிள் தின்பாள், பனிக்காலத்தில் வேர்க்கிறது என்று ஜன்னலைத் திறப்பாள், அப்படியும் குறைவாள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. கை வலிக்கத் தட்டிவிட்டு அவள் போன பிறகு எடை மெஷினில் மறுபடி நானே ஏறிப் பார்ப்பேன்.

ஏப்ரல் கடைசியில் சத்தியத்தை மீறினேன். பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு புனாட்டைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி ராக்னாவிடம் போனேன். அவள் பையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். "வா வா குத்ருன், உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். கெர்டாவும் மோல்ஃப்ரியும் போன வாரமே வந்து பிரிச்சுக்கிட்டுப் போயாச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தூரித்துக்கு மட்டும் பிடிச்சுத் தைக்கிறேன். ஈஸ்டருக்கு அப்புறம் இது ரெண்டாவது தடவை. முப்பது வருஷமாத் தைக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் இளைச்சவங்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குடி" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காப்பிக் கோப்பையைப் பிடிக்கும்போது அவள் விரல் நடுங்கும். நடக்கும்போது நின்று நின்று கடலைப் பார்ப்பாள், ரசிக்கிறாள் என்று நினைத்தோம், மூச்சு வாங்கியிருக்கிறாள். நாங்கள் நாலு மாதமாக அதற்குத்தான் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், ராக்னாவிடம் போனதையும் சேர்த்து, டாக்டரைப் பார் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "எட்டு கிலோ குறைச்சது நான், ஒன்றரை குறைச்சது நீ. அதனால நான் நோயாளியா இருந்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும், அப்படித்தானே?" என்றாள். அதில் பாதி உண்மை, கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமைக்கும் வரவில்லை. அப்பா, "நீ சொன்னது சரிதான், சும்மா இரு" என்றார். சரியாகச் சொன்னதால் என்ன, அவளுக்கு எடுத்து வைத்த வாஃபிள் தட்டிலேயே ஆறிப்போயிற்று.

மே பதினேழு அன்று ஊர்வலத்தில் அவள் வேண்டுமென்றே எனக்கு நாலு வரிசை முன்னால் நடந்தாள். சர்ச் மேட்டில் பாதி ஏறும்போது திடீரென்று வரிசை கலைந்தது. போய்ப் பார்த்தால் புனாட்டோடு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மார்பில் குத்தியிருந்த வெள்ளி புரோச் துடிப்பது எனக்கே தெரிந்தது. சுற்றி இருபது பேர் நிற்கும்போது என்னை மட்டும் நிமிர்ந்து பார்த்து, "குத்ருன், டாக்டர்கிட்ட நீயும் வர்றியாடி" என்றாள். கொடியை கெர்டாவின் கையில் திணித்துவிட்டு அவளோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனேன். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம், இன்னும் விட்டிருந்தால் இதயத்தைக் கெடுத்திருக்குமாம், மாத்திரையில் அடங்கும் என்றார்கள். வெளியே வந்ததும் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் கட்டிக்கொண்டு அழுதோம், போகிறவர்கள் நாட்டுப்பற்று என்று நினைத்திருப்பார்கள்.

போன வியாழக்கிழமை எடை மெஷினில் ஏறினாள். கோடைக்கு அப்புறம் மூன்று கிலோ கூடியிருக்கிறது, விரலும் நடுங்கவில்லை. யார் முதலில் ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை, மூன்று பேரும் தட்டினோம், அப்பா தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார். "குண்டாகிறவளுக்குக் கைதட்டுறீங்களே, நீங்கள்லாம் ஒரு கூட்டமாடி!" என்று கத்திக்கொண்டே இறங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இனி உன் விஷயம். ஜூலையில் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து, அழகாக இளைத்துவிட்டாய் என்று எழுதினேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் கண்ணே. வேண்டுமென்று இளைத்தாயா, தானாக இளைத்தாயா? தானாக என்றால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்து பார். கோபம் வந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள், எத்தனை வாரம் வேண்டுமானாலும் நான் தாங்குவேன், ஆனால் பதில் போடாமல் இருக்காதே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன். கடவுள் உங்கள் இருவருக்கும் நல்ல பசியையும் நல்ல உறக்கத்தையும் தரட்டும்.

உன்னை எந்த எடையிலும் நேசிக்கும்
அம்மா குத்ருன்